எந்தத் திசாநாயக்க?

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், மகாவலி ஆற்றின் இடது கரையில் இருக்கிறது வில்கமுவ. அதை அடுத்தே வஸ்கமுவ தேசிய பூங்கா. வெளியூர்க்காரர்கள் இரண்டு பெயரையும் மாற்றிச் சொல்லிவிடுவார்கள். வில்கமுவ பிரதேச செயலகம் இருக்கும் சிறு நகரத்துக்குப் பெயர் ஹெட்டிபொல. குருநாகல் மாவட்டத்திலும் ஒரு ஹெட்டிபொல உண்டு. பஸ் ஏறுவதற்கு முன் "எந்த ஹெட்டிபொல?" என்று கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

ஊர்ப் பெயருக்குக் கேட்கும் அந்தக் கேள்வியை ஆட்பெயருக்கு நாம் அவ்வளவாகக் கேட்பதில்லை. 2024 செப்டம்பரில் அனுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானபோது, "காமினி திசாநாயக்கவுக்குச் சொந்தமா? எஸ். பி. திசாநாயக்கவின் தம்பியா?" என்று கேட்ட தமிழர்கள் உண்டு. கேள்வியில் தவறில்லை. பண்டாரநாயக்க, சேனாநாயக்க, ராஜபக்ச, பிரேமதாச என்று ஒரே குடும்பப் பெயர் தலைமுறை தாண்டி ஆட்சியில் இருந்ததைப் பார்த்துப் பழகிய நாடு இது. ஆனால் பதில், இல்லை என்பதே. மூவரும் மூன்று வேறு குடும்பங்கள். மூவரின் வாழ்க்கையும் மூன்று வேறு கதைகள்.

இத்தனை பேருக்கு ஒரே பெயர் வந்ததற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. கண்டி இராச்சியத்தில் பெரிய நிர்வாகப் பிரிவை திசாவனி என்றார்கள். மாத்தளையும் ஒரு திசாவனியாக இருந்ததுதான். அதை ஆண்ட அதிகாரி திசாவ. திசாநாயக்க என்பதும் அந்த வகையில் வந்த தலைமைப் பெயரே. பதவியாக இருந்தது பட்டமாயிற்று; பட்டம் குடும்பப் பெயராயிற்று. வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு வீடுகள் அந்தப் பெயரைச் சுமந்தன. நம்மிடையே முதலியார் என்ற பட்டம் ஒருவருக்கொருவர் உறவில்லாத பல குடும்பங்களுக்குப் போனதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். சிங்களப் பெயர்களின் முன்னால் வரும் 'திசாநாயக்க முதியான்சேலாகே' என்ற வம்சப் பெயரும் அப்படித்தான். அதன் சுருக்கமாக 'டி. எம்.' என்று இருவர் தலைப்பெழுத்துப் போட்டாலும் அவர்கள் ஒரு வீட்டார் என்று ஆகிவிடாது.

இனி ஆட்களுக்கு வருவோம்.

காமினி திசாநாயக்க 1942 மார்ச் 20இல் கொத்மலையில் பிறந்தவர். தந்தை ஆண்ட்ரூ திசாநாயக்க ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர். மகன் கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்துச் சட்டத்தரணியாகி, எதிர்க்கட்சியான ஐக்கிய தேசியக் கட்சிக்குப் போனார். 1970இல் நுவரெலியாவிலிருந்து பாராளுமன்றம் சென்றார். அந்த ஆண்டு அவருடைய கட்சி படுதோல்வி கண்டிருந்தது. இளம் உறுப்பினர் தனித்துத் தெரிய அதுவே வழிசெய்தது. 1977இல் ஜே. ஆர். ஜயவர்தன ஆட்சியைப் பிடித்ததும், மகாவலி அபிவிருத்தி காமினியின் கைக்கு வந்தது.

வில்கமுவக்காரர்களுக்கு இந்தக் காமினி முக்கியமானவர். மகாவலித் திட்டம் 1968இல் ஐக்கிய நாடுகளின் உதவியோடு தீட்டப்பட்டபோது 30 ஆண்டுகளில் முடிக்க வேண்டியதாக இருந்தது. 1977இல் வந்த அரசு அதன் பெரும்பகுதியை 6 ஆண்டுகளுக்குள் அடக்க முடிவெடுத்தது. துரித மகாவலித் திட்டம் என்ற பெயர் அப்படி வந்ததே. கொத்மலை அணைக்கு சுவீடன் உதவியது. விக்டோரியாவுக்குப் பிரிட்டன், ரந்தெனிகலவுக்கு மேற்கு ஜெர்மனி, மாதுரு ஓயாவுக்குக் கனடா. 122 மீட்டர் உயரமுள்ள விக்டோரியா, இலங்கையின் மிக உயரமான அணை. 1985இல் அதைத் திறந்துவைக்க பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரே வந்தார். கொத்மலையில், அமைச்சர் பிறந்த பள்ளத்தாக்கின் ஊர்களும் வயல்களும் விகாரைகளும் நீருக்குள் போயின.

விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தெம்பே என்று அணை அணையாக இறங்கிவரும் நீர் அடுத்து வந்து சேரும் இடம் மினிப்பே. பழங்கால அணைக்கட்டு அது. அங்கிருந்து பிரியும் இடதுகரைக் கால்வாய்தான் ஹசலக்க தாண்டி வில்கமுவ வயல்களுக்கும் நீர் கொண்டு வருகிறது. வஸ்கமுவ 1984இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டதும் இதே திட்டத்தின் தொடர்ச்சி. காடு அழித்துக் குடியேற்றங்கள் அமைத்தபோது இடம் இழந்த விலங்குகளுக்கு ஒதுக்கிய காடுகளில் அதுவும் ஒன்று. இன்றும் வில்கமுவ விவசாயி ஒரு பக்கம் கால்வாய் நீரையும், மறு பக்கம் காட்டிலிருந்து இறங்கும் யானையையும் பார்த்தே பயிர் செய்கிறார்.

தமிழர் நினைவில் காமினிக்கு இன்னொரு பக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் அவர் வாழ்க்கையைச் சொல்ல முடியாது. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணம் எரிந்தபோது, சுமார் 97,000 நூல்கள் இருந்த யாழ் பொது நூலகம் சாம்பலானபோது, மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்காக அந்த நகரில் தங்கியிருந்த அமைச்சர்களில் அவரும் ஒருவர். மற்றவர் சிறில் மத்தியூ. அமைச்சர்கள் அங்கே இருக்கும்போதே இது எப்படி நடந்தது என்ற கேள்வி 40 ஆண்டுகள் கடந்தும் ஆறவில்லை, ஆறவும் கூடாது. அதே ஆண்டு ஜூலையில், அவர் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபையின் தலைவராக இருந்தபோது, இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைத்தது. சில வார இடைவெளியில் நடந்த இந்த இரண்டில் ஒன்றை மட்டும் நினைப்பவர்கள் தென்னிலங்கையில் உண்டு. மற்றதை மட்டும் நினைப்பவர்கள் வடக்கில் உண்டு. மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் அவரை மூன்றாவது விதமாகவும் அறிவார்கள். இலங்கை ஜாதிக தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தலைவராக அவர் இருந்தார்.

1987இல் இந்திய - இலங்கை ஒப்பந்தத்தை ஆதரித்த அமைச்சர்களில் முன்வரிசையில் நின்றார். 1991இல் லலித் அத்துலத்முதலியோடு சேர்ந்து ஜனாதிபதி பிரேமதாசவுக்கு எதிராகக் குற்றப் பிரேரணை கொண்டுவந்து, அது தோற்று, கட்சியை விட்டு வெளியேறி, புதுக் கட்சி கண்டு, பின்னர் தாய்க்கட்சிக்கே திரும்பினார். 1994 ஜனாதிபதித் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்பாளராக நின்றபோது, அக்டோபர் 24ஆம் தேதி நள்ளிரவு கடந்த வேளையில் கொழும்பு தொட்டலங்கவில் நடந்த பிரசாரக் கூட்டத்தில் தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்டார். அவரோடு 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரண்டே வாரம் கழித்து நடந்த தேர்தலில் அவருடைய மனைவி ஸ்ரீமா திசாநாயக்க வேட்பாளராக நின்று, சந்திரிகா குமாரதுங்கவிடம் தோற்றார். சந்திரிகாவுக்கு 62.28 சதவீதம், ஸ்ரீமாவுக்கு 35.91 சதவீதம். பின்னாளில் பெருந்தோட்ட அமைச்சராக இருந்த நவீன் திசாநாயக்கவும், பாராளுமன்ற உறுப்பினராக இருந்த மயந்த திசாநாயக்கவும் காமினியின் மகன்கள். உறவு என்றால் உண்மையில் உறவாக இருப்பவர்கள் இவர்கள்தான்.

அனுர குமார திசாநாயக்கவின் கதை மாத்தளையில் தொடங்குகிறது. வில்கமுவ அந்த மாவட்டத்தின் கிழக்கு எல்லை என்றால், அவர் பிறந்த கலேவெல மேற்கு எல்லை. 1968 நவம்பர் 24இல் அங்குள்ள தேவஹுவவில் பிறந்தார். தந்தை நில அளவைத் திணைக்களத்தில் அலுவலக உதவியாளர். குடும்பம் பின்னர் அனுராதபுர மாவட்டத்துக்கு இடம்பெயர்ந்து தம்புத்தேகமவில் குடியேறியது. அந்த ஊர் மத்திய கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான முதல் மாணவர் அவரே. பேராதனையில் சேர்ந்து, பிறகு களனிக்கு மாறி, 1995இல் விஞ்ஞானப் பட்டம் பெற்றார்.

தம்புத்தேகமவும் மகாவலிக் குடியேற்ற நிலம். இங்கே ஓர் அவசர முடிவுக்கு இடம் கொடுக்கக் கூடாது: "ஒரு திசாநாயக்க வெட்டிய கால்வாயில் இன்னொரு திசாநாயக்க வளர்ந்தார்" என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அது சரியல்ல. தம்புத்தேகமப் பக்கம் போகும் மகாவலி நீர் கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் திருப்பப்பட்டு, மாத்தளை மாவட்டத்தின் போவத்தென்ன நீர்த்தேக்கம் வழியாகக் கலாவெவவைச் சேர்கிறது. பொல்கொல்லைத் திருப்பம் 1976இல், சிறிமாவோ பண்டாரநாயக்க ஆட்சியில் திறக்கப்பட்டது. காமினி அமைச்சராவதற்கு ஓராண்டு முந்திய காரியம் அது.

இருவரும் உண்மையிலேயே எதிரெதிராக நின்ற ஆண்டு 1987. ஒருவர் அமைச்சரவைக்குள் இருந்து இந்திய ஒப்பந்தத்தை ஆதரித்தார். மற்றவர், அதே ஒப்பந்தத்தை எதிர்த்து ஆயுதம் தூக்கிய மக்கள் விடுதலை முன்னணியில் மாணவப் பருவத்தில் இணைந்தார். அந்தக் கிளர்ச்சியும் அதை அரசு அடக்கிய விதமும் தென்னிலங்கையில் பல்லாயிரம் உயிர்களைப் பலிகொண்டன. அதிலிருந்து பிழைத்து, தேர்தல் வழிக்குத் திரும்பிய கட்சியின் தேசியப் பட்டியல் உறுப்பினராக 2000ஆம் ஆண்டு அவர் பாராளுமன்றம் போனார்.

அப்போது சபாநாயகர் ஆசனத்தில் இருந்தவர் அனுர பண்டாரநாயக்க. இரண்டு பிரதமர்களின் மகன். ஜனாதிபதி சந்திரிகாவின் தம்பி. 'அனுர' என்று மொட்டையாகச் சொன்னால் அன்று நாடு முழுவதும் அவரைத்தான் நினைக்கும். அதே சபையின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அலுவலக உதவியாளரின் மகனை அந்தப் பெயரால் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். இன்று 'அனுர' என்றால் யார் என்று பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

2004இல் கூட்டணி அரசில் அனுர குமார விவசாயம், கால்நடை, காணி, நீர்ப்பாசனம் ஆகியவற்றின் அமைச்சரானார். அடுத்த ஆண்டே கட்சியோடு சேர்ந்து விலகினார். 2014இல் கட்சித் தலைவர். 2019 ஜனாதிபதித் தேர்தலில் அவர் பெற்றது 3.16 சதவீதம். 2022இல் எரிபொருள் வரிசையும் மின்வெட்டும் மக்கள் போராட்டமும் பழைய கட்சிகளின் அடித்தளத்தை ஆட்டிப் பார்த்தன. 2024 செப்டம்பர் 21இல் அதே மனிதருக்கு முதல் எண்ணிக்கையிலேயே 42.31 சதவீதம் கிடைத்தது. எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால், இலங்கை வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகளை எண்ணி வெற்றியாளரை அறிவித்தார்கள். செப்டம்பர் 23இல் பதவியேற்றார். மாத்தளை மாவட்டத்தில் பிறந்து ஜனாதிபதியானவர்களில் அவர் இரண்டாமவர். முதலாமவர், துல்லேவவில் பிறந்து 1972இல் குடியரசின் முதல் ஜனாதிபதியான வில்லியம் கோபல்லாவ.

2024 நவம்பரில் நடந்த பொதுத் தேர்தலில் அனுர குமாரவின் தேசிய மக்கள் சக்தி 225இல் 159 ஆசனங்களை வென்றது. யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 அதற்கே போயின. 1981இல் ஒரு திசாநாயக்கவின் பெயரைக் கேட்டாலே கொதித்த மாவட்டம், 2024இல் இன்னொரு திசாநாயக்கவின் கட்சிக்கு முதலிடம் கொடுத்தது. வாக்காளர்கள் பெயரைப் பார்த்து முடிவெடுக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எஸ். பி. திசாநாயக்கவோடுதான் குழப்பம் அதிகம். சுமணவீர பண்டா என்பது அவர் பெயரின் விரிவு. காமினியைப் போலவே நுவரெலியா மாவட்ட அரசியலில் வளர்ந்தவர், ஆனால் எதிர் அணியில். இடதுசாரி மாணவர் அரசியலில் தொடங்கி, ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு வந்து, 1994இல் வந்த சந்திரிகாவின் அரசில் சமுர்த்தி அமைச்சராகவும் இருந்தார். ஏழைக் குடும்பங்களுக்கு உதவும் சமுர்த்தித் திட்டம் வீடுவீடாகப் போனது அவர் காலத்தில். ஆக, 1994 நவம்பரில் ஸ்ரீமா திசாநாயக்க எதிரணி வேட்பாளர், எஸ். பி. திசாநாயக்க வென்ற அணியின் முக்கியப் புள்ளி. அவரைக் கட்சியை வைத்து அடையாளம் காண முயன்றால் தடுமாறிப் போவோம். 2001இல் ஐக்கிய தேசியக் கட்சிக்குத் தாவினார். 2004 டிசம்பரில் நீதிமன்ற அவமதிப்புக்காக உயர் நீதிமன்றம் அவருக்கு இரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. 2006இல் ஜனாதிபதி மன்னிப்பில் வெளியே வந்து, மீண்டும் சுதந்திரக் கட்சிக்குத் திரும்பி, 2010இல் உயர்கல்வி அமைச்சரானார்.

இன்னும் சிலர் உண்டு. பேர்ட்டி பிரேமலால் திசாநாயக்க வடமத்திய மாகாண முதலமைச்சராக இருந்தவர். துமிந்த திசாநாயக்க அவர் மகன். இவர்கள் அனுராதபுரத்துக்காரர்கள் என்பதால், அதே மாவட்டத்தில் வளர்ந்த அனுர குமாரவோடு சேர்த்துப் பார்க்கப்படுவதுண்டு. மாத்தளை மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த ரோஹண திசாநாயக்கவை வில்கமுவ வாக்காளர்கள் நன்றாகவே அறிவார்கள்.

அரசியலுக்கு வெளியே வந்தால் அறிவுலகம். பேராசிரியர் ஜே. பி. திசாநாயக்க, 1937இல் பிறந்தவர், சிங்கள மொழியியலில் பெரிய பெயர். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். தாய்லாந்துக்கான தூதுவராகவும் இருந்தார். பேச்சுச் சிங்களத்தை வெளியாருக்கு எளிமையாகச் சொல்லிக்கொடுக்கும் கையேடுகளையும், கிராமிய வழக்காறுகள் பற்றிய நூல்களையும் எழுதியவர். சிங்களம் கற்க விரும்பும் தமிழர் ஒருவர் ஜனாதிபதியைவிட முதலில் அறிந்துகொள்ள வேண்டிய திசாநாயக்க இவர் என்பேன்.

விமல் திசாநாயக்க இன்னொருவர். சிங்களக் கவிஞர், விமர்சகர்; ஹவாயில் நீண்ட காலம் ஆய்வு செய்து, ஆசிய சினிமா பற்றி எழுதியவர். ராஜ் கபூரின் படங்களைப் பற்றி மால்தி சகாயோடு சேர்ந்து 1988இல் ஒரு நூல் தந்தார். மோத்தி கோகுல்சிங்கோடு சேர்ந்து இந்திய வெகுசன சினிமா பற்றி எழுதிய நூல் 1998இல் வெளிவந்தது. நம் மக்கள் கூடிப் பார்க்கும் பாட்டும் சண்டையும் கண்ணீரும் கலந்த படங்களை ஆய்வுக்குத் தகுதியற்றவை என்று பலர் ஒதுக்கிய காலத்தில், அவற்றைப் பொறுப்போடு படித்த அறிஞர்களில் ஒருவர் அவர்.

எலன் திசாநாயக்க இலங்கையில் பிறந்தவரே அல்ல. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பெண். திருமணத்தால் இந்தப் பெயரைப் பெற்றார். பல ஆண்டுகள் இலங்கையில் வாழ்ந்தார். 1988இல் 'வாட் இஸ் ஆர்ட் ஃபார்?', 1992இல் 'ஹோமோ ஈஸ்தெட்டிக்கஸ்' என்ற நூல்கள் வழியாக உலக அளவில் பேசப்பட்டவர். கலை என்பது அருங்காட்சியகத்தில் தொங்கும் பொருள் அல்ல, மனித இனத்தின் இயல்பான நடத்தை என்பது அவர் வாதம். சாதாரணமான ஒன்றை வேண்டுமென்றே சிறப்பாக்குவதே கலையின் வேர் என்கிறார். விடியலில் வாசல் தெளித்துக் கோலம் போடுபவருக்கு இதை விளக்கவே தேவையில்லை.

தமிழ் வாசகர்களுக்குக் காதில் ஏறக்குறைய ஒன்றாகவே கேட்கும் இன்னொரு பெயரையும் இங்கே சொல்ல வேண்டும்: ஜே. எஸ். திசைநாயகம். அவர் திசாநாயக்க அல்ல. தமிழர், ஆங்கிலத்தில் எழுதிய பத்திரிகையாளர். போரினால் பாதிக்கப்பட்ட தமிழ் மக்கள் பற்றி எழுதிய கட்டுரைகளுக்காக 2008 மார்ச்சில் கைது செய்யப்பட்டார். 2009 ஆகஸ்ட் 31இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 20 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. எழுதியதற்காக ஒரு பத்திரிகையாளர் அந்தச் சட்டத்தில் தண்டிக்கப்பட்டது அதுவே முதல் தடவை. உலகெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பிறகு 2010இல் பிணையில் வந்து, மன்னிப்பும் பெற்று, நாட்டை விட்டு வெளியேறினார். அவர் பெயரைத் திசாநாயக்க என்று தவறாகச் சொன்னால், அவர் எதற்காகச் சிறை போனார் என்பதே மறைந்துபோகும்.

நம் பக்கத்துப் பெயர்களிலும் இதே சிக்கல் வேறு வடிவத்தில் இருக்கிறது. சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்கும் அருணாசலத்துக்கும் பொன்னம்பலம் என்பது தந்தை பெயர். 1944இல் தமிழ்க் காங்கிரஸைத் தொடங்கிய ஜி. ஜி. பொன்னம்பலத்துக்கு அது சொந்தப் பெயர். அவர் மகன் குமாருக்கும் பேரன் கஜேந்திரகுமாருக்கும் அது குடும்பப் பெயராயிற்று. இராமநாதன் பேரனா கஜேந்திரகுமார் என்று வெளிநாட்டில் பிறந்த பிள்ளை ஒன்று கேட்டால் அதைக் குறை சொல்ல முடியாது. பெயர் எழுதும் முறை அப்படி. சிங்களவர் பக்கத்திலும், எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவையும் ரணில் விக்கிரமசிங்கவையும் ஒரு குடும்பமாக எண்ணுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் வேறு வேறு.

தமிழில் எழுதும்போது இன்னொரு தொல்லை சேர்கிறது. திசாநாயக்க, திஸாநாயக்க, திசநாயக்கா, திசாநாயக என்று ஒரே ஆளின் பெயரை நான்கு விதமாக நான்கு பத்திரிகைகள் அச்சிடுகின்றன. எழுத்து மாறினாலும் ஆள் மாறவில்லை. எழுத்து ஒன்றாக இருந்தால் ஆள் ஒன்று என்றும் இல்லை. ஆகவே செய்தியாளர்கள் முதல் தடவை குறிப்பிடும்போதாவது முழுப்பெயரையும் மாவட்டத்தையும் எழுதட்டும். அது ஒரு வரி இடம்கூட எடுக்காது. வாசகர்களும் 'திசாநாயக்க சொன்னார்' என்று எங்கேயாவது கண்டால், பகிர்வதற்கு முன், கோபப்படுவதற்கு முன், எந்த ஆண்டு, எந்த ஊர், முதற்பெயர் என்ன என்ற மூன்றையும் பார்த்துவிடுங்கள். 1981இல் அமைச்சர் ஒருவர் செய்ததற்கான கணக்கை, அப்போது 12 வயதுச் சிறுவனாகத் தம்புத்தேகமவில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவரிடம் கேட்க முடியாது. இன்று ஜனாதிபதியாக இருப்பவரிடம் கேட்க வேண்டிய கணக்குகள் தனியாக இருக்கின்றன. அவற்றை அவர் பெயர் சொல்லியே கேட்போம்.